மறுநாளுக்கும் சேர்த்து வைத்த உலை

மாசி மாதம் மகா சிவராத்திரிக்கு மறுநாள் மேல்மலையனூர் சுடுகாட்டில் உணவை அள்ளித் தரையில் இறைக்கிறார்கள். செஞ்சிக்கு வடக்கே உள்ள இந்த ஊரின் அங்காளம்மனுக்கு அன்று மயானக்கொள்ளை. சுற்றுவட்டார விவசாயிகள் தங்கள் நிலத்தில் விளைந்த நெல், கேழ்வரகு, கம்பு, மணிலா என்னும் வேர்க்கடலை, காய்கறி என்று மூட்டை மூட்டையாகக் கொண்டுவருவார்கள். கொழுக்கட்டையும் சுண்டலும் சில்லறைக் காசும் அவற்றோடு சேரும். எல்லாம் சூறை போகும். இறைத்தது மண்ணில் விழுந்த மறுகணமே கூட்டம் குனிந்து பொறுக்கத் தொடங்கிவிடும். பொறுக்கிய தானியத்தை விதையோடு கலந்து விதைத்தால் அந்தப் போகம் நன்றாக விளையும் என்பது நம்பிக்கை. ஆகவே எவ்வளவு இறைத்தாலும் அங்கே வீணாவது குறைவு.

சடங்கின் பின்னே இருக்கும் கதையும் சோற்றைப் பற்றியதுதான். பிரமனின் ஐந்தாவது தலையைக் கிள்ளிய சிவன் கையில் அந்தக் கபாலம் ஒட்டிக்கொள்கிறது. பிச்சையாக விழும் சோறு முழுவதையும் அதுவே தின்றுவிட, சிவன் பசியோடு ஊர் ஊராக அலைகிறார். மலையனூரில் புற்றாக இருந்த அம்மன் முதல் இரண்டு கவளத்தைக் கபாலத்தில் இட்டு, மூன்றாவதைத் தரையில் இறைக்கிறாள். சிந்திய சோற்றின் ருசிக்கு ஆசைப்பட்ட கபாலம் கையை விட்டுக் கீழே இறங்குகிறது. அதை அம்மன் மிதித்து அடக்குகிறாள். இந்தக் கதையின் பல வடிவங்களையும் வழிபாட்டையும் தொகுத்து எவலின் மேயர் 1986-ல் அங்காளபரமேசுவரி பற்றித் தனி நூலே எழுதினார். கோயிலின் பரம்பரைப் பூசாரிகள் பருவதராஜ குலத்து மீனவர் மரபினர். கடலை விட்டு இவ்வளவு உள்ளே, ஏரி மீனும் புன்செய்த் தானியமும் சேர்ந்து சோறு போட்ட ஊர் இது.

ஓயாத பசியைத் தீராத கபாலமாகக் கண்ட ஊரில், அடுப்படிக்காரர்கள் அந்தப் பசியை எப்படிச் சமாளித்தார்கள் என்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. அதைக் கல்வெட்டில் தேடிப் பயனில்லை. பானையில்தான் தேட வேண்டும்.

செஞ்சி வட்டாரம் பாறையும் கரம்பும் நிறைந்த பூமி. ஏரிப் பாசனம் உள்ள இடத்தில் நெல், மற்ற இடமெல்லாம் மழையை நம்பிய கேழ்வரகு, கம்பு, சாமை, வரகு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்செய் நகரின் எண்ணெய் ஆலைகளுக்கு வேர்க்கடலை கப்பலேறத் தொடங்கிய பிறகு புன்செயில் பெரும்பகுதியை மணிலா பிடித்துக்கொண்டது. புன்செய்யை நம்பிய வீடுகளில் நெல்லுச்சோறு பெரும்பாலும் விருந்துக்கும் பண்டிகைக்கும்தான். மற்ற நாளில் கூழும் களியும். ஆடியில் அம்மன் கோயில் வாசலில் அண்டா அண்டாவாக ஊற்றப்படும் கூழ், அந்த வீடுகள் ஆண்டு முழுவதும் குடித்த அதே கூழ்தான்.

அந்தக் கூழை வைக்கும் முறையைக் கவனித்தால் ஒரு விஷயம் விளங்கும். கேழ்வரகு மாவை முந்தின நாளே தண்ணீரில் கரைத்துப் புளிக்க விடுவார்கள். மறுநாள் பொழுது சாயும்போது பானையில் நொய் வேகும். நெல் குத்தும்போது உடைந்து, முழு அரிசியிலிருந்து முறத்தில் பிரித்து ஒதுக்கிய குருணை அது, அதுவும் மிச்சம்தான். நொய் வெந்து மலர்ந்ததும் புளித்த மாவை ஊற்றி, கட்டி தட்டாமல் துடுப்பால் கிளற வேண்டும். கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டுப் பார்த்தால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். இறக்கி மூடி வைத்துவிட்டால் விடிவதற்குள் மேலே ஆடை கட்டி இறுகிக் கிடக்கும். காலையில் ஒரு உருண்டையை எடுத்து மோரும் உப்பும் சேர்த்துக் கையாலேயே கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டு வயலுக்குப் போவார்கள். ஒரு சொம்புக் கூழில் மூன்று நாள் வேலை இருக்கிறது. இரவில் களி மிஞ்சினாலும் அதே கதைதான். உருண்டையைத் தண்ணீரில் போட்டு வைத்தால் மறுநாள் அது கூழ்.

ஆக, மிச்சம் என்பது இந்த வீடுகளில் தற்செயலாக நேர்ந்ததல்ல. காலையில் அடுப்பு மூட்ட நேரமும் கிடையாது, விறகும் மிச்சமாக வேண்டும். நாற்று நடவுக்கும் களை எடுக்கவும் விடியும் முன்னே கிளம்ப வேண்டிய பெண்கள், இராத்திரி உலை வைக்கும்போதே மறுநாள் காலைக்கும் சேர்த்துத்தான் தானியம் போட்டார்கள். இராச் சாப்பாடு முடிந்ததும் மிஞ்சிய களியிலோ சோற்றிலோ தண்ணீர் ஊற்றி வைப்பது அன்றைய கடைசி வேலை. எத்தனை வாய், எவ்வளவு வேலை, எத்தனை நாளைக்குத் தானியம் என்ற கணக்கு முழுவதும் அவர்கள் தலையில் இருந்தது. எந்தக் கணக்குப்பிள்ளையும் அதை எழுதி வைக்கவில்லை.

இந்தப் பழக்கத்துக்கு இலக்கியச் சாட்சி உண்டு, அதுவும் இந்த வட்டாரத்துக்கு அக்கம்பக்கத்திலேயே. காஞ்சியில் ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வயல்வேலைக்காரர்களின் பிள்ளைகள் பழஞ்சோறு தின்று அலுத்துப்போய், புதிதாக வேய்ந்த குடிசையின் முன்னே அவல் இடிக்கிறார்கள். பழையது வேண்டாம் என்று பிள்ளைகள் முகம் சுளிப்பது ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது! ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை இன்னும் கீழே இறங்கிப் பார்க்கிறது. குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி, உப்புக்கும் வழியில்லாமல் வேகவைத்து, ஊர் பார்த்துவிடுமே என்ற வெட்கத்தில் கதவை அடைத்துக்கொண்டு பகிர்ந்துண்ணும் குடும்பம் அதில் வருகிறது. நல்லியக்கோடனின் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தில் இருக்கிறது. செஞ்சியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பேருந்தில் போய்விடலாம்.

செஞ்சிக் கோட்டைக்குப் போகிறவர்கள் ராஜகிரி அடிவாரத்தில் தானியக் களஞ்சியத்தைப் பார்க்காமல் வருவதில்லை. பருத்த சுவரும் வளைந்த கூரையும் கொண்ட அந்தக் கட்டடம், முற்றுகைக் காலத்தில் கோட்டைக்குள் இருப்பவர்களின் உயிர். 1690-ல் தொடங்கி 1698 வரை சுல்பிகர் கானின் மொகலாயப் படை, சிவாஜியின் மகன் ராஜாராமை இங்கே முற்றுகையிட்டது. 1692-ன் இறுதியில் மராத்தியக் குதிரைப்படை வெளியே தானியம் வரும் வழிகளை மறித்தபோது, முற்றுகையிட வந்த படையே பசியால் தவித்து வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. 2025 ஜூலையில் மராத்திய ராணுவக் கோட்டைகளின் தொகுப்பில் ஒன்றாக செஞ்சிக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது, அதில் மகிழ்ச்சியே. ஆனால் எட்டு ஆண்டு இரண்டு படைகளுக்கு நடுவே கிடந்த சுற்றூர்க் குடும்பங்கள் குதிரில் எதை மறைத்து வைத்தன, பானையில் எதைக் கரைத்துக் குடித்தன என்பதற்கு எந்தப் பலகையும் இல்லை.

1876-லிருந்து 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்துக்கு எழுத்துச் சாட்சிகள் ஏராளம். நிவாரண வேலைக்கு வந்த கூலிகளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று 1877-ல் இந்திய அரசின் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் விதித்தார். ஒரு ராத்தல் என்பது நானூற்றைம்பது கிராம் சொச்சம். நாள் முழுவதும் கல்லுடைக்கும் உடம்புக்கு அது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் கடுமையாக வாதிட்டார். அந்தப் பஞ்சத்துக்குப் பத்தாண்டு முன்பே, 1867 மே மாதம், செஞ்சி அடங்கிய தென்னாற்காடு மாவட்டத்தின் வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியிருந்தார். அங்கே மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. ஒரு பருக்கையைக் கூடக் கொட்டக் கூடாது என்று பாட்டிமார் அதட்டியது இந்தப் பஞ்சங்களை அறிந்த தலைமுறையின் குரல். அதைக் கஞ்சத்தனம் என்று நினைப்பது பெரும் அநியாயம்.

பழையதைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றை மறைத்துவிட்டுப் போக முடியாது. மிச்சச் சோறு சாதியின் அளவுகோலாகவும் இருந்தது. துணி வெளுத்தவர்களும் முடி திருத்தியவர்களும் பொழுது சாய்ந்ததும் பானையோடு வீடு வீடாகப் போய் நின்று சோறு வாங்கினார்கள். செய்த வேலைக்கு அதுவும் கூலியில் ஒரு பங்கு. பண்ணையாளுக்குப் பின்வாசலில் ஊற்றியதும் எஜமான் வீட்டுப் பழையதுதான். தென்னாற்காட்டுக்காரரான இமையம் 1994-ல் எழுதிய ‘கோவேறு கழுதைகள்’ நாவலில், புதிரை வண்ணார் குலத்து ஆரோக்கியம் காலனித் தெருக்களில் சோறெடுக்கப் போகிறாள். ஒவ்வொரு வீட்டுச் சோறும் குழம்பும் ஒரே பாத்திரத்தில் கலந்து வீட்டுக்கு வருகிறது. பழைய சோறு உடம்புக்கு நல்லது என்று சொல்லிவிட்டு ஒருவர் போய்விடலாம். ஆனால் தன் பானையில் தானே ஊற வைத்த சோறும், அடுத்தவர் வாசலில் நின்று வாங்கிய சோறும் ஒன்றல்ல. பின்னதை விட்டு விலகிய தலைமுறை முன்னதையும் சேர்த்து வெறுத்ததில் வியப்பில்லை.

பண்டிகை மிச்சத்துக்கோ மரியாதை தனி. மாட்டுப் பொங்கலன்று காலையில் முந்தின நாள் சோற்றை மஞ்சள், குங்குமம் கலந்து உருண்டை பிடித்து மஞ்சள் இலையில் காக்கைக்கு வைக்கும் கணுப்பிடி பல வீடுகளில் இன்றும் உண்டு. உடன்பிறந்தவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று பெண்கள் வைக்கும் பிடி அது. பொங்கலுக்கு வைத்த பல காய்க் குழம்பையும், மிஞ்சிய கூட்டு பொரியலையும் ஒரே சட்டியில் கொட்டி, நாளுக்கு இரண்டு தரம் சூடுபண்ணிச் சுண்ட விடுவார்கள். மூன்றாம் நாள் அது கரண்டியில் நிற்கும் பதத்துக்கு இறுகி, புளிப்பும் காரமும் ஏறி, புதுக்குழம்புக்கு வராத ருசிக்கு வந்துவிடும். பழையதுக்கு அதைவிடச் சிறந்த துணை கருவாட்டுக் குழம்பு மட்டுமே.

வெயில் காலத்தில் மிஞ்சிய சோற்றை உப்பு, பச்சை மிளகாய், சீரகம் சேர்த்து மசித்து, வேட்டித் துணியில் கிள்ளி வைத்துக் காயவைத்தால் வடகம். மழைக் காலத்துக்கு அதுவே தொட்டுக்கொள்ள. வடித்த கஞ்சியில் உப்பு போட்டுக் குடித்தார்கள், துணிக்குப் போட்டார்கள், மீந்ததைக் கழுநீர்த் தொட்டியில் ஊற்றினார்கள். அரிசி கழுவிய தண்ணீர், காய்த்தோல், ஊசிப்போன சோறு எல்லாம் அந்தத் தொட்டிக்குத்தான் போகும். மாடு குடித்தது பாலாகி, பால் மோராகி, திரும்பக் கூழில் வந்து சேர்ந்தது.

இந்த வட்டம் ஒரே நாளில் அறுபடவில்லை. குக்கர் வந்ததும் வடிகஞ்சி போயிற்று. மாடு குறைந்ததும் தொட்டி போயிற்று. ரேஷன் அரிசி 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 ஜூன் முதல் விலையில்லாமலும் கிடைத்தது. பசியை ஒழித்ததில் அதன் பங்கு மிகப் பெரியது. அதைக் குறைத்துப் பேசுவது தகாது. கூடவே கேழ்வரகு அன்றாடத்திலிருந்து விலகியது. கடைசியாக வந்தது ஃபிரிட்ஜ். மிஞ்சியதை மாற்றிப் பக்குவம் பண்ணும் வேலையை எடுத்துவிட்டு, மறந்துபோகும் வரை வைத்திருக்கும் வசதியை அது கொடுத்தது. மூன்று நாள் கழித்து டப்பாவோடு எடுத்துக் கொட்டுவது அதற்குப் பின் வந்த பழக்கம். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022-ல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன். அதில் ஐந்தில் மூன்று பங்கு வீடுகளிலிருந்து போனது. உணவகங்களும் கடைகளும் அதற்குப் பின்னால்தான்.

பழையது இப்போது வேறு வாசல் வழியாகத் திரும்பி வருகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி, குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு எந்த அளவு உதவும் என்று அரசு நிதியுடன் ஆராயத் தொடங்கியது. ஒடிசாவில் பழையதுக்குப் பகாளா என்று பேர், மார்ச் 20-ஐப் பகாளா நாளாகவே கொண்டாடுகிறார்கள். அசாமிலும் வங்கத்திலும் அதே ஊறிய சோற்றுக்குத் தனித்தனிப் பேர். 2021-ல் ஆஸ்திரேலிய மாஸ்டர்செஃப் இறுதிப் போட்டியில் வங்கதேச வம்சாவளியினரான கிஷ்வர் சவுத்ரி அதைத்தான் நடுவர்கள் முன் வைத்தார். சென்னையில் சில உணவகங்கள் மண்சட்டியில் ஊற்றி நல்ல விலைக்கு விற்கின்றன.

விலை கொடுத்துச் சாப்பிடுகிறவர்களுக்கும், வீட்டில் மறுபடி தொடங்க நினைப்பவர்களுக்கும் பாட்டிமாரின் விதிகள் சில அப்படியே பொருந்தும். சோற்றை வெறுமனே வெளியே வைப்பது ஆபத்து. சமைத்த சோற்றில் தப்பிப் பிழைக்கும் நுண்ணுயிர்கள் அதில் நஞ்சை உண்டாக்கும், திரும்பச் சூடு பண்ணினாலும் அது போகாது. ஆறியதும் சோறு முங்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீருக்குள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகிப் புளிப்பு ஏறினால்தான் கெடுக்கும் கிருமிகள் அடங்கும். காலையிலேயே தீர்த்துவிட வேண்டும். கோடையில் பொழுது ஏறஏறப் புளிப்பு மிஞ்சும். நூல் விட்டாலோ வாடை மாறினாலோ கொட்டிவிட வேண்டும், அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. குக்கரில் குழைந்த சோற்றைவிட வடித்த புழுங்கலரிசிச் சோறு பருக்கை உடையாமல் ஊறும்.

கோடையில் செஞ்சிப் பக்கத்துச் சாலையோரங்களில் வேப்பமர நிழலில் கூழ் வண்டிகள் நிற்கின்றன. பெரும்பாலும் பெண்களின் தொழில் அது. கேழ்வரகு ஒரு குண்டானில், கம்பு இன்னொன்றில். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், கொத்தவரங்காய் வற்றல், உப்பு போட்ட மாங்காய்க் கீற்று, கருவாடு. லாரி ஓட்டுநரும் கல்லூரிப் பிள்ளைகளும் நின்று குடித்துவிட்டுப் போகிறார்கள். எரிவாயு அடுப்பு வந்துவிட்டது, மாவு அரைக்க மில் இருக்கிறது. புளிப்பதற்கு மட்டும் குறுக்கு வழி கிடையாது. நாளைக் காலை வியாபாரத்துக்கு இன்றைக்கு முன்பே மாவைக் கரைத்தாக வேண்டும்.