பள்ளிக்கூடத்துக்குத் தானமாய்ப் போன ஃபெராரி

பழைய இத்தாலிய கார்களின் ஏல விலைகளைத் தேடிப் படிப்பது எனக்கொரு பொழுதுபோக்கு. வாங்கவா போகிறேன்? (சைக்கிளுக்கே டியூப் மாற்ற வேண்டியிருக்கிறது.)

அதில் ராஜா, ஃபெராரி 250 ஜிடிஓ. 1962 முதல் 1964 வரை மொத்தம் 36 கார்கள்தான். பந்தய விதிப்படி 100 செய்திருக்க வேண்டும். "பழைய மாடலில் சின்ன மாறுதல்தான்" என்று சொல்லி என்சோ ஃபெராரி அனுமதி வாங்கிவிட்டார். அப்போது அமெரிக்காவில் விலை சுமார் 18,000 டாலர்.

பந்தயங்களில் புது கார்கள் முந்த ஆரம்பித்ததும் சீந்துவாரில்லை. டெக்ஸாஸில் ஒன்றைப் பள்ளிக்கூடத்துக்கே தானமாகக் கொடுத்துவிட்டார்கள், பையன்கள் மெக்கானிக் வேலை பழக! 1972-ல் பள்ளி அதை 6,500 டாலருக்குத் தள்ளிவிட்டது. வாங்கியவரோ பல வருடம் டிரெய்லரோடு வெட்டவெளியில் போட்டுவைத்தார்.

1988 ஆகஸ்டில் என்சோ இறந்தார். ஜப்பானில் பணம் கொழித்த நேரம் வேறு. 1990 வாக்கில் ஒரு ஜிடிஓ ஒரு கோடி டாலரைத் தாண்டியது. ஜப்பான் பங்குச்சந்தை சரிந்ததும், கடன் வாங்கிக் கார் வாங்கியவர்கள் தலையில் துண்டு. சில வருடங்களில் விலை பாதிக்கும் கீழே. இத்தனைக்கும் காரில் ஒரு திருகாணிகூட மாறவில்லை.

பெரும்பாலும் இவை தனிப்பேரத்தில்தான் கைமாறும், விலை வெளியே வராது. ஏலத்தில் தெரிந்தவை: 2018 மான்டெரே, 4.84 கோடி டாலர். 2023 நியூயார்க், 5.17 கோடி. பின்னதற்கு எதிர்பார்த்தது ஆறு கோடிக்கும் மேல்.