கோரஸ் பாடினால் வானம் ஒளிரும்

அரோரான்னு சொன்னதும் பச்சைத் திரை மாதிரி ஆடுற ஒளிதான் ஞாபகம் வரும், இல்லீங்களா? இன்னைக்கு நாம பேசப்போறது யாரும் போட்டோ எடுக்காத டிஃப்யூஸ் அரோராவைப் பற்றி. வானத்தில் மெல்லிய புகை மாதிரி பரவிக்கிடக்கும். ஆனா அரோரா மூலம் பூமியின் காற்றுமண்டலத்துக்குள் வரும் ஆற்றலில் பெரும்பங்கு இதனுடையதுதான்.

கதை முதல் உலகப் போரில் தொடங்குகிறது. ஜெர்மன் இயற்பியலாளர் ஹைன்ரிக் பார்க்ஹவுசன் எதிரியின் டெலிபோன் பேச்சை ஒட்டுக்கேட்கும்போது நடுவில் விசில் சத்தம். குண்டு பறக்குதுன்னு வீரர்கள் நினைத்தார்கள். 1953-ல் கேம்பிரிட்ஜின் ஓவன் ஸ்டோரி விளக்கினார்: மின்னலில் பிறந்த ரேடியோ அலை, பூமியின் காந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு விண்வெளி வழியாக மறுபாதி உலகத்துக்குப் போகிறது. அதே மாதிரி கருவிகளில் இன்னொரு சத்தமும் கேட்டது. விடியற்காலைப் பறவைகள் கத்துற மாதிரி. பெயர் 'கோரஸ்'. இது மின்னல் இல்லீங்க, விண்வெளி எலக்ட்ரான்கள் எழுப்பும் பிளாஸ்மா அலை.

இந்த எலக்ட்ரான்கள் காந்தக் கோடுகளில் வடக்கும் தெற்கும் ஊஞ்சல் ஆடும். காற்றைத் தொடுமுன் திரும்பிடும். ஆனா எலக்ட்ரானின் சுழற்சியோடு ஓர் அலை ஒத்துப்போனால், அதன் பாதையின் கோணம் மாறும். திரும்ப முடியாமல் இறங்கி, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்ஸிஜன், நைட்ரஜன் மீது மோதும். அதுதான் அந்த ஒளி.

எந்த அலை தள்ளுது? 1970-ல் கென்னல் குழு வேறொரு வகை மின் அலையைக் கைகாட்டியது. விவாதம் 40 வருஷம் ஓடியது. நான் தினமும் பக் தேடுறவன். எனக்கு இந்தத் தலைவலி நல்லாப் புரியும். லாகில் ரெண்டு பேருமே இருப்பாங்க. சம்பவ இடத்தில் இருந்ததாலேயே குற்றவாளி ஆகிட மாட்டாங்க.

2010-ல் ரிச்சர்ட் தோர்ன் குழு விழுந்த எலக்ட்ரான்களோடு நிற்காமல், விழாமல் மிஞ்சியவற்றையும் பார்த்தது. ஒவ்வொரு அலையும் தள்ளினால் மேலே என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டு, செயற்கைக்கோள் அளவீட்டோடு ஒப்பிட்டார்கள். கோரஸ்தான் பொருந்தியது.

2018-ல் ஜப்பானின் அராசே செயற்கைக்கோளின் முடிவு வந்தது. கோரஸ் வலுக்கும்போதெல்லாம் எலக்ட்ரான்கள் கீழே கொட்டின. தரையில் கேமராவில் அரோராவும் அதே தாளத்தில் மின்னியது.

கோரஸ் பதிவுகள் இணையத்தில் கிடைக்கும். ஹெட்போன் போட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.