ஒண்டிக்கடையில் எத்தனை கடை?

இந்த எபிசோடில் நாம் போகப்போவது ஏற்காடு. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் வரும் ஊர். டவுனுக்குள் ஒண்டிக்கடை என்று ஒரு சந்திப்பு இருக்கிறது. ஒண்டி என்றால் ஒற்றை. ஒண்டிக்கட்டை என்று சொல்கிறோமே, அதே ஒண்டிதான். பெயரைக் கேட்டால் ஒரே ஒரு கடை இருக்கும் இடம் என்று தோன்றும். இன்றைக்குப் போய்ப் பார்த்தால் வரிசையாகக் கடைகள்தான், லீவு நாளில் வண்டி நகராது.

ஊர்க்காரர்களுக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. குழப்பம் வருவது ஊரைப் பார்க்காமல், எழுத்தை மட்டும் வைத்துப் புரிந்துகொள்ள வேண்டிய ஆளுக்குத்தான். ஏ.ஐ. அப்படிப்பட்ட ஆள். அது ஒண்டிக்கடையில் இறங்கி டீ குடித்ததில்லை. யாரோ எழுதி வைத்ததைப் படித்துவிட்டு நமக்குச் சொல்கிறது.

"ஏற்காட்டில் நல்ல காபித்தூள் எங்கே வாங்கலாம்?", "தங்குவதற்கு எந்த எஸ்டேட்?" என்றெல்லாம் இப்போது நிறைய பேர் ஏ.ஐ.யிடம்தான் கேட்கிறார்கள். பத்து லிங்க் வந்த காலத்தில் ஏழாவது இடத்தில் இருந்தாலும் யாராவது எட்டிப் பார்ப்பார்கள். இப்போது வருவது ஒரே ஒரு பதில். அதில் பெயர் வரவில்லை என்றால், கேட்டவரைப் பொறுத்தவரை அந்தக் கடையே இல்லை. அப்படியானால் ஒரு சின்ன நிறுவனம் தன்னைப் பற்றி எப்படி எழுத வேண்டும்? அதற்கான பாடம் இந்த மலையின் வரலாற்றிலேயே இருக்கிறது.

செத்தவர் கண்டுபிடித்த ஊர்

ஏற்காட்டைப் பற்றித் தேடினால் பல சுற்றுலாப் பக்கங்களில் ஒரு வரி வரும். மதராஸ் மாகாண கவர்னர் சர் தாமஸ் மன்றோ 1842-ல் ஏற்காட்டைக் கண்டுபிடித்தார் என்று. பெயர், பதவி, ஆண்டு எல்லாம் இருக்கிறது. பார்க்க நல்ல தகவல் மாதிரியே இருக்கும்.

ஒரே ஒரு பிரச்சினை. மன்றோ 1827 ஜூலை 6 அன்று பத்திகொண்டாவில் காலராவில் இறந்துவிட்டார். 1842-ல் அவர் இறந்து பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. அது போக, மலையில் மக்கள் பல தலைமுறையாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் யாரும் வெள்ளைக்காரர் வந்து கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்கவில்லை.

மன்றோவுக்கும் இந்தப் பகுதிக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 1792 முதல் 1799 வரை, சேலத்தை உள்ளடக்கிய பாராமகால் பகுதியில் அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாளராக அவர் வேலை பார்த்தவர். 1820 முதல் சாகும்வரை மதராஸ் கவர்னர். 1820களில்தான் சேலம் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டில் காபி வைக்கத் தொடங்கினார். அவரையே சில பக்கங்கள் எம்.டி. காக்பர்ன் என்கின்றன, சில பக்கங்கள் டேவிட் காக்பர்ன் என்கின்றன. ஆக, உண்மைக்குப் பக்கத்தில் போகும் ஒரு பொய், ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பி அடித்ததில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

மொழி மாதிரிகள் கற்றுக்கொள்வது இப்படிப்பட்ட எழுத்திலிருந்துதான். நூறு பக்கம் 1842 என்று சொன்னால் மாதிரிக்கும் 1842 பழகிவிடும். மன்றோ எப்போது இறந்தார் என்று தனியாகக் கேட்டால் 1827 என்று சரியாகவே சொல்லும். ஆனால் இரண்டு தகவலையும் பக்கத்தில் வைத்து, "இது எப்படிய்யா?" என்று தானாகக் கேட்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஒரு மலைக்கு எத்தனை ஸ்பெல்லிங்?

அடுத்தது பெயர். தமிழில் சேர்வராயன் மலை. மலை உச்சியில் இருக்கும் சாமியும் சேர்வராயன். ஆங்கிலத்தில் வரும்போது ஷெவராய், ஷெவராய்ஸ், ஷெவராயன், சேர்வராயன் என்று ஆளுக்கு ஒரு விதம். மனுஷனுக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் நீங்கள் பாக்கெட்டில் ஒரு ஸ்பெல்லிங், கூகுள் மேப்ஸில் இன்னொன்று, இன்ஸ்டா பயோவில் மூன்றாவது என்று போட்டால், மெஷின் உங்களை மூன்று பேராக எண்ணிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. மூன்று பேருக்கும் தனித்தனியாகக் கொஞ்சம் கொஞ்சம் ஆதாரம். யாருமே பதிலில் வரும் அளவுக்குத் தேற மாட்டார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. சேர்வராயன் மலையின் பழங்குடி மக்களின் பெயர் மலையாளி. மலையில் வாழ்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய வாய்மொழி வரலாறு. தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேலம் உள்ளிட்ட சில மாவட்டங்களைக் குறிப்பிட்டு இந்தப் பெயர் இருக்கிறது. கல்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் ஜவ்வாது மலையிலும்கூட இவர்கள் வாழ்கிறார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்க. இந்த விவசாயிகள் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கி, "மலையாளி விவசாயிகளின் காபி" என்று மட்டும் எழுதினால், உலகத்தில் முக்கால்வாசிப் பேர் அதைக் கேரளாவில் கொண்டுபோய் வைப்பார்கள். மெஷினும் அதையேதான் செய்யும், ஏனென்றால் அந்தச் சொல்லை அது அதிகம் பார்த்திருப்பது கேரளாவோடுதான். "சேலம் மாவட்டம் சேர்வராயன் மலையில் வாழும், தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடி விவசாயிகள்" என்று நாலு வார்த்தை கூடச் சேர்த்தால் போதும், முகவரி மாறாது. ஒரு சமூகத்தின் உழைப்பு யார் கணக்கில் போய்ச் சேருகிறது என்பதே அந்த நாலு வார்த்தையில் இருக்கிறது.

பெயர் தேவைப்படாத ஐம்பது வருஷம்

சரி, ஏன் பல தோட்டங்களுக்குத் தங்களைப் பற்றி எழுதும் பழக்கமே இல்லை? இதற்கும் ஒரு வரலாறு உண்டு.

பிரிட்டிஷ் காலத்தில் தாக்கர்ஸ் டைரக்டரி என்று ஒரு தடிமனான புத்தகம் வந்தது. தோட்டத்தின் பெயர், உரிமையாளர், மேலாளர் என்று வரி வரியாக இருக்கும். அலங்காரம் கிடையாது. லண்டனில் உட்கார்ந்திருக்கிற வியாபாரி மலையைப் பார்க்காமலேயே தோட்டத்தை அடையாளம் காணலாம். சேலம் மாவட்டத்துக்கு 1883-ல் லெஃபானுவின் மேனுவலும், 1918-ல் ரிச்சர்ட்ஸ் எழுதிய கெஜட்டியரும் வந்தன. ஊர், உயரம், பயிர், மக்கள் என்று அதே பாணி. எழுதியவர்களின் பார்வை காலனியப் பார்வை, அதைக் கண்ணை மூடி ஏற்க வேண்டியதில்லை. ஆனால் வடிவம் தெளிவு.

அப்புறம் இரண்டாம் உலகப் போர். ஐரோப்பியச் சந்தை மூடிப்போய் காபி தேங்கியது. தோட்டக்காரர்களைக் காப்பாற்ற வந்த ஏற்பாடுதான் 1942 காபிச் சட்டம். வீட்டுக்கும் விதைக்கும் எடுத்தது போக, விளைந்ததை எல்லாம் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் கொடுத்துவிட வேண்டும். வாரியம் தரம் பிரித்து ஏலம் விடும். பிளான்டேஷன் ஏ, பிளான்டேஷன் பி, பீபெர்ரி, இப்படித் தரத்துக்குத்தான் பெயர். எந்த மலை, யாருடைய தோட்டம் என்பது பெரும்பாலும் அந்த மூட்டைக்குள் கரைந்துவிடும்.

1992-ல் தளர்வுகள் தொடங்கின. 1996-ல்தான் எல்லாத் தோட்டக்காரர்களும் தங்கள் காபி முழுவதையும் தாங்களே விற்கும் சுதந்திரம் வந்தது. அதாவது அரை நூற்றாண்டாக, வாங்குபவரிடம் "நான் யார்" என்று சொல்ல வேண்டிய கட்டாயமே பல தோட்டங்களுக்கு இல்லை. சொல்ல வேண்டிய நேரம் வந்த இரண்டே வருஷத்தில் கூகுள் வந்துவிட்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி. ஓடி வந்து பிளாட்பாரத்தில் ஏறினால் ரயில் மாறிக்கொண்டே இருக்கிறது.

இதே சமயத்தில் ஆந்திராவின் அரக்கு என்ன செய்தது? பழங்குடி விவசாயிகள், எந்தப் பள்ளத்தாக்கு, என்ன ரகம், எப்படி வளர்க்கிறார்கள் என்ற கதையைத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி சொன்னது. 2017-ல் பாரிஸில் கடை திறந்தது. 2019-ல் குடகு, வயநாடு, சிக்மகளூர், பாபாபுதன்கிரியோடு சேர்த்து அரக்குக் காபிக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஐந்தில் சேர்வராயன் இல்லை. புவிசார் குறியீட்டு விண்ணப்பம் என்பது என்ன? எல்லை எது, தனித்தன்மை என்ன, வரலாறு என்ன, ஆதாரம் எங்கே என்று சட்டத்துக்குப் புரியும்படி எழுதிய ஒரு விவரம். தெளிவாக எழுதினால் அதுவே ஒரு சொத்து.

நம்ம மலைக்கு ஊர் கொடுத்த பட்டம் என்ன தெரியுமா? "ஏழைகளின் ஊட்டி." பாசமாகச் சொன்னதுதான். ஆனால் உங்களைப் பற்றிய முதல் வரியிலேயே இன்னொரு ஊர் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

மெஷின் எப்படிப் படிக்கிறது?

நீங்கள் கேள்வி கேட்டதும் பல ஏ.ஐ. சேவைகள் முதலில் இணையத்தில் தேடுகின்றன. கிடைத்த பக்கங்களைத் துண்டு துண்டாக எடுத்து, பொருந்தும் துண்டுகளைப் படித்து, பதில் எழுதுகின்றன. முக்கியமான வார்த்தை துண்டு. உங்கள் பக்கத்திலிருந்து ஒரு பத்தியைப் பிய்த்து எடுத்தால், அது யாரைப் பற்றி என்று தனியாகப் புரிய வேண்டும்.

2023-ல் பிரின்ஸ்டன், ஐ.ஐ.டி. டெல்லி ஆட்கள் உட்பட ஒரு குழு இதைச் சோதித்து ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. ஜெனரேட்டிவ் என்ஜின் ஆப்டிமைசேஷன் என்ற பெயர் அதில் வந்ததுதான். சுமார் 10,000 கேள்விகள். ஒரே வார்த்தையைத் திணித்துத் திணித்து எழுதும் பழைய எஸ்.இ.ஓ. தந்திரம் எடுபடவில்லை. எண்கள், மேற்கோள்கள், ஆதாரங்கள் சேர்த்த பக்கங்கள் பதிலில் தெரியும் அளவு 40 சதவீதம் வரை கூடியது. தேடலில் ஐந்தாவது இடத்தில் இருந்த பக்கங்களுக்கு ஆதாரம் சேர்த்ததால் மட்டும் 115 சதவீதம் ஏற்றம். சின்ன ஆளுக்குத்தான் லாபம் அதிகம். அது ஒரு சோதனைதான், எல்லா ஏ.ஐ.யும் என்றைக்கும் அப்படியே நடக்கும் என்று அர்த்தமில்லை. ஆனால் திசை தெரிகிறது.

ஒரு உதாரணம். "இயற்கை அன்னையின் மடியில், பாரம்பரியமும் நவீனமும் கைகோக்கும் எங்கள் பயணத்துக்கு உங்களை வரவேற்கிறோம்." இது காபித் தோட்டமா, ரிசார்ட்டா, ஜவுளிக்கடையா? சத்தியமாகத் தெரியாது.

இப்படி எழுதிப் பாருங்க: "க எஸ்டேட், தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தில், ஏற்காட்டில் உள்ள அராபிகா காபித் தோட்டம். ஒண்டிக்கடையிலிருந்து இத்தனை கிலோமீட்டர். இத்தனை ஏக்கரில் நிழல் மரங்களுக்கு அடியில் காபியும் மிளகும் வளர்க்கிறோம். வறுத்த காபியை நேரடியாக விற்கிறோம். தங்கும் வசதி இல்லை." அந்தக் கடைசி வரியைக் கவனியுங்க. எது இல்லை என்பதையும் சொல்லிவிட்டால், ரூம் கேட்டு வருகிறவரை மெஷின் உங்களிடம் தப்பாக அனுப்பும் வாய்ப்பு குறையும். கடைசியாக எப்போது திருத்தியது என்று தேதியும் போடுங்க. மற்ற இடங்களிலும் அதே பெயர், அதே ஸ்பெல்லிங், அதே தகவல்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. "மன்றோ, 1842" என்பதும் தெளிவான வரிதான். அதனால்தான் அது இவ்வளவு தூரம் பயணம் செய்தது. தெளிவு என்பது வண்டி மாதிரி, உண்மையையும் ஏற்றிச் செல்லும், பொய்யையும் ஏற்றிச் செல்லும். "நூறு வருஷப் பாரம்பரியம்" என்று அடித்து விடுவதற்கு முன்னால், பத்திரத்தில் என்ன வருஷம் இருக்கிறது என்று பார்த்துவிடுங்க. நீங்கள் இன்று போடும் வரி, நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளைக்கே பதிலாகத் திரும்பி வரும்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரைப் பற்றியோ, உங்கள் அப்பாவின் கடையைப் பற்றியோ ஏதாவது ஒரு ஏ.ஐ.யிடம் கேளுங்க. என்ன தப்பு வருகிறது என்று எழுதி வையுங்க. பிறகு சரியான விவரத்தைப் பத்து வரியில், பெயர், இடம், ஆண்டு, ஆதாரத்தோடு எங்காவது பொதுவில் போடுங்க. நீங்கள் எழுதவில்லை என்றால், உங்கள் ஊரைப் பார்க்காத யாரோ ஒருவர் எழுதியதுதான் பதிலாக வரும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.