வேலையின்மை: வலங்கைமான் வட்டாரம்

திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்த வலங்கைமான், குடமுருட்டி ஆற்றங்கரையில் உள்ள நெல் விளையும் வட்டாரம். இங்கே வேலையின்மை ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. குறுவை, சம்பா, தாளடிப் பட்டங்களோடு ஏறி இறங்கும். சம்பா அறுத்து, உளுந்தும் பயறும் எடுத்தபின் ஆற்றில் தண்ணீர் வரும்வரை வயலில் பெரிதாக வேலை கிடையாது.

அரசின் கணக்கெடுப்பில் இது சரியாகப் பதிவாவதில்லை. வார நிலைக் கணக்கின்படி, முந்தைய ஏழு நாளில் ஒரு மணி நேரம் வேலை பார்த்தவரும் வேலையில் இருப்பவரே. வழக்கமான நிலைக் கணக்கில் ஆண்டுக்கு 30 நாள் துணைவேலை பார்த்திருந்தாலும் போதும். காவிரி டெல்டாவில் எத்தனை பேருக்கு வேலை இல்லை என்பதைவிட, ஒருவருக்கு எத்தனை நாள் கூலி கிடைத்தது என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

கூலி நாள்கள் குறைந்ததற்கு முதல் காரணம் தண்ணீர். காவிரியின் மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்படுவது மரபு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகளும் அந்தத் தேதிக்குத் திறக்கவில்லை. ஆழ்துளைக் கிணறு வைத்திருந்தவர்கள் குறுவை போட்டார்கள். மற்றவர்களின் நிலம் தரிசாகக் கிடந்தது. 2016இல் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டது.

இரண்டாவது காரணம் இயந்திரம். ஆள்கூட்டம் நாள்கணக்கில் அறுத்துக் கட்டுக்கட்டிக் களத்தில் அடித்த வேலையை அறுவடை இயந்திரம் சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. களத்திலேயே நெல்லாகக் கிடைத்த கூலியும் அதோடு போயிற்று. அதிகம் இழந்தவர்கள் பெண்கள். ஆண்களில் இளையவர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும், வாய்ப்புள்ளவர்கள் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். அதனால் நடவு நேரத்தில் மிராசுதார் ஆள் கிடைக்கவில்லை என்கிறார். மற்ற மாதங்களில் தொழிலாளி வேலை இல்லை என்கிறார். இருவர் சொல்வதும் உண்மை. சில வார வேலையை நம்பி ஆண்டெல்லாம் ஊரில் காத்திருக்க யாராலும் முடியாது.

வணிகத்தில் இதன் தாக்கம் முதலில் மளிகைக்கடைப் பற்று நோட்டில் தெரியும். கூலி நின்றாலும் அரிசி, எண்ணெய், புளி வாங்குவது நிற்பதில்லை, கடனாகிறது. கடைக்காரரின் முதல் அப்படியே முடங்குகிறது. அவர் கும்பகோணத்து மொத்த வியாபாரிக்குத் தவணை சொல்கிறார். ஜவுளியும் பாத்திரமும் அறுவடைக்குத் தள்ளிப்போகின்றன. ஒரு பட்டம் தவறினால் அரவை ஆலை, லாரி, நேரடிக் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குவோர் என எல்லோருக்கும் வேலை குறைகிறது. அதே மாதங்களில் அடகுக் கடைக்கும் வாராவாரம் தவணை வசூலிக்கும் கடன் நிறுவனங்களுக்கும் தொழில் சூடுபிடிக்கும். வேலையின்மை எல்லா வணிகத்தையும் நசுக்குகிறது என்பது பாதி உண்மைதான்.

வலங்கைமானுக்கு நெல்லைத் தவிர வெடியும் உண்டு. திருவிழாக்களுக்கும் தீபாவளிக்குமான பட்டாசு, வாணவெடித் தொழில் இவ்வூரின் அடையாளம். ஆனால் அதுவும் பருவத் தொழில், ஆபத்தானதும்கூட. 2018 அக்டோபரில் பட்டாசில் பேரியம் உப்புக்குத் தடைவிதித்து, வெடிக்கும் நேரத்தையும் உச்ச நீதிமன்றம் கட்டுப்படுத்தியது இத்தொழில் முழுவதற்கும் நெருக்கடியாயிற்று.

கூலிப் பேச்சில் வேலைப் பஞ்சம் எப்போதும் நிலவுடைமையாளர் பக்கமே நின்றது. பழைய தஞ்சை மாவட்டத்தில் உள்ளூர் ஆள் கூடுதல் கூலி கேட்டால் வெளியூர் ஆளை இறக்குவது பழகிய வழி. அப்படி முற்றிய தகராறின் உச்சம் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது. மறு ஆண்டு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கூலி பேசும் பலத்தை நடைமுறையில் அதிகம் கூட்டியது 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் நூறு நாள் வேலை என்று சொல்லலாம். பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே கூலி, பின்னாளில் அது வங்கிக் கணக்கிலேயே வந்தது. அதனால் ஆள் கிடைப்பதில்லை என்ற நிலவுடைமையாளரின் குறையும் அன்று முதல் நீடிக்கிறது.