யார் அரசர்? முத்துக்குளித்துறை சொல்லும் பதில்

மணப்பாட்டுக்கும் உவரிக்கும் நடுவே அமைந்த கடற்கரை ஊர் பெரியதாழை. உலகெங்கும் உள்ள கத்தோலிக்கர்களைப் போலவே, இந்தக் கரையின் மக்களும் நவம்பர் மாதக் கடைசியில் கிறிஸ்து அரசர் பெருவிழாவைக் கொண்டாடுகிறார்கள். நாடு குடியரசாகிப் பல்லாண்டு ஆகிவிட்டது. மன்னர்களே இல்லாத காலத்தில் கடவுளை ஏன் அரசர் என்று அழைக்க வேண்டும்? அன்றாட வாழ்வில் அதற்கு என்ன பொருள்? முத்துக்குளித்துறையின் வரலாற்றிலேயே இதற்கு விடை இருக்கிறது.

சொல்லில் இருக்கும் அரசு

தமிழ்க் கிறிஸ்தவர்கள் கடவுளை 'ஆண்டவர்' என்கிறார்கள். ஆள்பவர் என்பதே அதன் பொருள். இந்தக் கரையில் தேவாலயத்தைக் 'கோயில்' என்றே சொல்வார்கள். கோ என்றால் அரசன், இல் என்றால் வீடு. ஆக, ஜெபிக்கப் போகும்போதெல்லாம் மக்கள் அரசனின் வீட்டுக்குத்தான் போகிறார்கள்.

ஒரு ஞானஸ்நானம், இரண்டு அரசர்கள்

1530-களில் முத்துக்குளிக்கும் உரிமை தொடர்பாகப் பரதவர்களுக்கும் கடல் வணிகம் செய்த முஸ்லிம்களுக்கும் கடும் மோதல் ஏற்பட்டது. பரதவர்களின் தூதுக்குழு கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டது. அதைத் தொடர்ந்து 1536, 1537 ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றனர். இதனால் அவர்கள் கிறிஸ்துவின் மக்களாகவும் போர்ச்சுகல் மன்னரின் குடிகளாகவும் ஒரே நேரத்தில் ஆனார்கள். எந்த அரசர் பெரியவர் என்ற கேள்வி அப்போது எழவில்லை.

ராணியின் செருப்புப் பணம்

1542-ல் வந்த புனித பிரான்சிஸ் சவேரியார்தான் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து ஊர் ஊராக நடந்து கற்பித்தார். போர்த்துக்கீசியக் கேப்டன் கோஸ்மே தெ பைவாவின் செயல்களைத் தம் கடிதங்களில் கண்டித்தார்.

முத்துக்குளித்துறை வருமானத்தில் ஆண்டுக்கு 4000 பணம், போர்ச்சுகல் ராணி கேத்தரினின் செருப்புச் செலவுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. மூச்சை அடக்கி ஆழ்கடலில் மூழ்கியவர்களின் உழைப்பு அது! அந்தத் தொகையை ஊர்களில் பிள்ளைகளுக்கு வேதம் கற்பிக்கும் உபதேசியார்களுக்குக் கிடைக்கச் செய்தார் சவேரியார். 1548-ல் கொச்சியிலிருந்து போர்ச்சுகலுக்கு எழுதும்போது, உலகத்தையே அடைந்தாலும் ஆன்மாவை இழந்தால் என்ன பயன் என்ற இயேசுவின் கேள்வியை மன்னர் தினமும் கால் மணி நேரம் சிந்திக்க வேண்டும் என்றார். மன்னருக்கு மேலே ஓர் அரசர் இருக்கிறார் என்பதால்தான் அவரால் அப்படி எழுத முடிந்தது.

அரசர் மாறினார், ஆண்டவர் மாறவில்லை

1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்கள் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். கத்தோலிக்கக் குருக்கள் விரட்டப்பட்டனர். பால்டேயுஸ் என்ற டச்சுப் போதகர் பரதவர்களைத் தம் சபைக்கு அழைத்தும் பலிக்கவில்லை. புதிய ஆட்சியாளரோடு சேர்ந்துகொண்டால் லாபம் உண்டு என்று தெரிந்தும் மக்கள் மாறவில்லை. ஓர் அரசரின் பாதுகாப்பைத் தேடி வந்த நம்பிக்கை, அந்த அரசர் போன பிறகும் நிலைத்தது. தெய்வத்தின் அரசு வேறு, கோட்டையில் பறக்கும் கொடி வேறு என்பதை அவர்கள் வாழ்ந்து காட்டினார்கள்.

இன்றைய பொருள்

கிறிஸ்து அரசர் பெருவிழாவை 1925-ல் ஏற்படுத்தியவர் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர். முதல் உலகப் போர் முடிந்து, முசோலினி இத்தாலியை ஆண்ட காலம் அது. எந்த அரசும் கடவுளுக்கு மேல் இல்லை என்று நினைவூட்டுவதே அவர் நோக்கம்.

கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் முன்பு 'இராச்சியம்' என்று இருந்த சொல், இப்போதைய கத்தோலிக்க வழக்கில் 'ஆட்சி' என்று மாறியிருக்கிறது. இராச்சியம் என்றால் எல்லை போட்ட ஓர் இடம் மனதில் வரும். ஆட்சி என்பது நடக்க வேண்டிய ஒன்று. அது எங்கே நடக்கும்?

கடற்கரைக் கத்தோலிக்கர்களுக்குப் 'பங்கு' என்றால் தங்கள் கோயிலைச் சேர்ந்த சமூகம். கடலிலிருந்து திரும்பியதும் பிரித்துக்கொள்ளும் வருமானமும் பங்குதான். முதல் பங்கில் ஜெபிக்கப்படும் ஆட்சி, இரண்டாவது பங்கு நியாயமாகப் பிரிக்கப்படும்போது கரைக்கு வருகிறது. சவேரியார் செருப்புப் பணத்தைக் கேட்டு வாங்கியதும் இதற்காகத்தானே!