கொம்பு களைதலும் உணவு மேசையும்: ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணாக்கர்

கல்விக்கூடங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பேராசிரியர்களையும், அவர்தம் நூல்களையும், அவர்களிடையே நிகழ்ந்த கருத்துப் போர்களையுமே விரித்துரைப்பர். முதன்முறையாக ஊரைவிட்டு வந்து, அறியாத நகரில், அறியாத முகங்களுக்கு நடுவே நிற்கும் முதலாண்டு மாணாக்கன் அவ்வரலாற்றில் இடம் பெறுவது அரிது. ஆயினும், அவன் எவ்வாறு வரவேற்கப்பட்டான், யாருடன் உண்டான், மூத்த மாணாக்கர் அவனை எவ்வாறு நடத்தினர் என்னும் வினாக்களைக் கேட்டால், அக்காலத் திருச்சபையின் உள்ளம் நமக்குப் புலப்படும். இக்கட்டுரையில் சீர்திருத்தம் தோன்றிய ஜெர்மன் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இவ்வரலாறு நடந்த வகையையும், அதற்கும் தமிழகத் திருச்சபைக்கும் உள்ள தொடர்பையும் சுருக்கமாக ஆராய்வோம்.

1. கொம்பு களைதல்

இடைக்காலத்தின் இறுதியில், பல்கலைக்கழகத்திற்குப் புதிதாக வருபவனைப் ‘பேயானுஸ்’ என்று அழைத்தனர். பிரெஞ்சு மொழியில் மஞ்சள் அலகு என்று பொருள்படும் தொடரிலிருந்து பிறந்த சொல் இது. கூட்டைவிட்டு வெளிவராத பறவைக் குஞ்சின் அலகு மஞ்சளாய் இருக்குமன்றோ! இத்தகையவன் இன்னும் மனிதனாகவில்லை, காட்டு விலங்கே என்பது அக்கால மாணாக்கரின் விளையாட்டுக் கற்பனை. ஆகவே அவனுக்குக் கொம்புகள் பொருத்திய தொப்பியை அணிவித்து, பன்றிப் பற்களை வாயில் வைத்து, பின்பு கொம்பை உடைத்து, பல்லைக் குறட்டால் பிடுங்கி, உடலை இழைப்புளி கொண்டு சீவுவதுபோல் நடித்து, இறுதியில் நாவில் உப்பிட்டுத் தலையில் திராட்சரசம் வார்த்தனர். இச்சடங்கிற்குக் ‘களைதல்’ என்று பொருள்படும் இலத்தீன் பெயர் வழங்கிற்று. ஹைடெல்பர்க் நகரில் ஏறத்தாழ 1481-இல் அச்சான மாணாக்கர் கையேடு ஒன்று இச்சடங்கை உரையாடல் வடிவில் விவரிக்கிறது.

லூத்தர் இச்சடங்கை வெறுத்து ஒதுக்கவில்லை. விட்டன்பர்கில் அவர் தாமே இதில் பங்கேற்றுப் புதியவர்களின் தலையில் திராட்சரசம் வார்த்ததையும், வாழ்நாளெல்லாம் வரவிருக்கும் இன்னல்களுக்கு இஃது ஓர் அடையாளம் என்று அவர்களுக்கு விளக்கியதையும் அவருடைய மேசைப் பேச்சுகள் பதிவு செய்துள்ளன. ஆசிரியர் உடனிருக்க, ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடிந்த வரையில் இச்சடங்கு பெருந்தீங்காக வளரவில்லை எனலாம். எல்லையற்றுப் போனபோதே அது கொடுமையாயிற்று.

2. ஓராண்டு அடிமைத்தனம்

பதினேழாம் நூற்றாண்டில், சிறப்பாக முப்பதாண்டுப் போரின் (1618–1648) காலத்தில், ஒரு நாட் சடங்கு ஓராண்டு அடிமைத்தனமாக மாறிற்று. இதற்குப் ‘பென்னலிசம்’ என்று பெயர். ‘பென்னால்’ என்பது எழுதுகோல் கூடு. வகுப்பிற்குத் தவறாது எழுதுகோல் கூட்டைச் சுமந்து வந்த புதியவனை மூத்தோர் அப்பெயரால் ஏளனம் செய்தனர். தங்களையோ மயிர் கத்தரிப்போர் என்று பெருமையுடன் அழைத்துக்கொண்டனர். புதியவனின் நல்லாடையைப் பறித்துக் கந்தலை உடுத்துவித்தனர், பெற்றோர் கொடுத்தனுப்பிய பணத்தில் விருந்துண்டனர், அவனை ஏவலாளாக ஆக்கினர், அடித்தனர். ஆண்டு நிறைந்த பின்னரே அவன் மாணாக்கன் என மதிக்கப்பட்டான்.

இக்கொடுமை ஏன் நிலைத்தது? இரண்டு காரணங்களை நாம் காண்கிறோம். முதலாவது, மாணாக்கர் தங்கள் தங்கள் நாட்டுப்பகுதியின்படி குழுக்களாகப் பிரிந்திருந்தனர். புதியவனுக்கு உறைவிடம் தேடிக்கொடுத்தவரும், பிறரிடமிருந்து பாதுகாப்பளித்தவரும், அவனைத் துன்புறுத்தியவரும் ஒரே குழுவினரே. உதவும் கையே அடிக்கும் கையாக இருந்தமையால் அவன் முறையிட அஞ்சினான். மேலும், இவ்வாண்டு அடிபட்டவன் அடுத்த ஆண்டு அடிக்கும் உரிமையைப் பெற்றான். இரண்டாவது, ஒரு பல்கலைக்கழகம் குற்றவாளியை வெளியேற்றினால் வேறொரு பல்கலைக்கழகம் அவனைச் சேர்த்துக்கொண்டது.

திருச்சபையிலிருந்து இதற்கெதிராக எழுந்த குரல்களுள் யோகான் மத்தேயுஸ் மைஃபார்ட் (1590–1642) என்பாரின் குரல் குறிப்பிடத்தக்கது. எர்ஃபர்ட் நகரின் இறையியல் பேராசிரியரும் ஞானப்பாட்டு ஆசிரியருமான இவர், சூனியக்காரர் என்று குற்றஞ்சாட்டப்பட்டோரின் சித்திரவதையைக் கண்டித்து எழுதியவர். 1636-இல் இவர் வெளியிட்ட நூல், சுவிசேஷத் திருச்சபையின் பல்கலைக்கழகங்களிலேயே ஒழுங்கு சிதைந்துவிட்டதைக் கடுமையாகச் சாடிற்று. நாளைய ஆயர்களே இன்று பிறரைக் கொள்ளையிடுகின்றனர் என்பது அவருடைய மனக்குமுறலின் சாரம். ஒரு பல்கலைக்கழகம் வெளியேற்றியவனை மற்றொன்று ஏற்பதில்லை என்னும் பொது உடன்பாடு ஏற்பட்ட பிறகே, 1660-களின் தொடக்கத்தில், இக்கொடுமை வெளிப்படையாகத் தலைகாட்டுவது அடங்கிற்று.

ஆனால் சட்டம் ஒரு தீங்கை நீக்கியதேயன்றி, அதன் இடத்தில் ஒரு நன்மையை நாட்டவில்லை. அசுத்த ஆவி நீங்கிய பின் வெறுமையாய்க் கிடந்த வீட்டைப்பற்றி ஆண்டவர் கூறியது (மத். 12:43–45) இங்கே நம் நினைவுக்கு வருகின்றது. புதிய மாணாக்கனை இனி எவரும் அடிக்கவில்லை. எனினும் அவனை வரவேற்பதற்கும் எவரும் இல்லை.

3. ஹாலேயின் மறுமொழி

இவ்வெறுமையை நிரப்ப முயன்றவர்களாக இறைப்பற்று இயக்கத்தினரை நாம் காண்கிறோம். பிலிப் யாக்கோபு ஸ்பேனர் (1635–1705) 1675-இல் வெளியிட்ட ‘பியா தெசிதேரியா’ என்னும் நூலில், இறையியல் மாணாக்கரின் அறிவைப்போலவே அவர்களின் வாழ்வும் ஆசிரியர்களின் கவலைக்குரியது என வற்புறுத்தினார். 1694-இல் முறையாகத் தொடங்கப்பட்ட ஹாலே பல்கலைக்கழகம் இக்கருத்திற்கு விளைநிலமாயிற்று. லைப்சிகில் 1687-ஆம் ஆண்டிலேயே ஜெர்மன் மொழியில் விரிவுரை அறிவித்துப் புரட்சி செய்த கிறிஸ்தியான் தொமாசியுஸ் 1690-இல் ஹாலேக்கு வந்தார். இலத்தீனில் தடுமாறிய புதியவர்களுக்குத் தாய்மொழி விரிவுரை எத்துணை ஆறுதலாய் இருந்திருக்கும் என்பதை, அயல்மொழியில் கல்வி கற்ற நாம் நன்கு உணரக்கூடும்.

1692-இல் ஹாலேக்கு வந்த ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே (1663–1727) மொழிப் பேராசிரியராகவும், நகரை அடுத்த கிளௌகா என்னும் ஏழைச் சிற்றூரின் ஆயராகவும் ஒருங்கே பணியாற்றினார். அவருடைய அனாதை இல்லத்தின் வரலாறு யாவரும் அறிந்ததே. மாணாக்கருக்காக அவர் செய்ததோ அந்த அளவிற்கு அறியப்படவில்லை. ஏழை மாணாக்கருக்கென வந்த கொடைப் பணத்தை முதலில் அவர் வாரந்தோறும் பகிர்ந்தளித்தார். பின்னர் 1696-இல் பணத்திற்குப் பதிலாக உணவளிக்கத் தீர்மானித்து, 24 மாணாக்கருக்கு ‘இலவச மேசை’யைத் தொடங்கினார். பணமெனில் தேவையற்றவரும் வருவர். எளிய உணவெனில் தேவையுள்ளவரே வருவர். அன்றியும், உடன் உண்போரை நெருங்கி அறியலாம். இவையே அவர் கருதிய காரணங்கள். அவர் மறைந்த 1727-இல் இம்மேசையில் உண்ட மாணாக்கரின் எண்ணிக்கை 255.

மாணாக்கருக்கு உணவளித்தல் பிராங்கேயின் கண்டுபிடிப்பன்று. லைப்சிக் முதலிய இடங்களில், சீர்திருத்தக் காலத்திலேயே மடங்களின் வருவாயைக்கொண்டு அத்தகைய ஏற்பாடுகள் செய்யப்பட்டிருந்தன. அவர் செய்த புதுமை வேறு. இலவச மேசையில் உண்ட மாணாக்கர் நாள்தோறும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அனாதை இல்லத்தின் பள்ளிகளில் சிறுவர்க்குக் கற்பித்தனர். இதனால் விளைந்த நன்மைகள் பல. பள்ளிகளுக்கு ஆசிரியர்கள் கிடைத்தனர். மாணாக்கனோ பிச்சை ஏற்பவனாக அல்லாமல், உழைத்து உண்பவனாகத் தலைநிமிர்ந்தான். எல்லாவற்றிற்கும் மேலாக, மூத்தவனுக்கும் இளையவனுக்கும் இடையேயான உறவு தலைகீழாக மாறிற்று. முந்தைய தலைமுறையில் இளையவனின் பணத்தில் மூத்தவன் உண்டான். இங்கோ, தான் பெற்ற உணவிற்கு ஈடாகத் தன்னிலும் இளையவனுக்கு மூத்தவன் ஊழியம் செய்தான். பென்னலிசத்திற்கு உண்மையான மறுமொழி இதுவே என்பது எம் துணிபு.

இதனுடன், வியாழக்கிழமைதோறும் முற்பகலில் ஒரு மணி நேரத்தை இறையியல் மாணாக்கர் அனைவருக்குமாக பிராங்கே ஒதுக்கினார். அவ்வேளையில் அவர் பாடம் நடத்தவில்லை. படிப்பை ஒழுங்குபடுத்துவது எவ்வாறு, சோர்வை மேற்கொள்வது எவ்வாறு, தீய நட்பை விலக்குவது எவ்வாறு என அறிவுரை பகர்ந்தார். 1695-இல் தீமோத்தேயுவை மாணாக்கருக்கு மாதிரியாகக் காட்டும் சிறு நூலையும், 1712-இல் இறையியல் மாணாக்கனின் இலக்கணத்தைக் கூறும் நூலையும் வெளியிட்டார்.

4. தரங்கம்பாடி வரை

இந்த ஹாலேக்கு 1703-இல் வந்தவர்களுள் ஒருவரே பர்த்தலோமேயு சீகன்பால்கு. 1682-இல் புல்ஸ்னிட்ஸ் என்னும் ஊரில் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். வெற்றிபெற்ற முதலாண்டு மாணாக்கருக்கு எடுத்துக்காட்டாக அவரைக் கூற இயலாது. நலிந்த உடலும் சோர்ந்த உள்ளமும் அவரை வாட்டின. ஹாலேயில் நெடுநாள் தங்கவியலாமல், படிப்பை முடிக்காமலே வெளியேறி, வீட்டு ஆசிரியராகப் பணிபுரிந்தார். இக்காலக் கணக்கின்படி அவர் ‘இடைநின்ற’ மாணாக்கரே. எனினும், அவருடைய ஆசிரியர்கள் அவரைக் கைவிடவில்லை. பெர்லினில் அவர் பயின்ற பள்ளியின் தலைவராயிருந்த யோவாக்கிம் லாங்கே அவரை அறிந்திருந்தார். ஹாலேயின் தொடர்பும் அறுந்துபோகவில்லை. டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் 1705-இல் அருட்தொண்டர்களைத் தேடியபோது, பெர்லின் நண்பர்கள் பரிந்துரைத்தவர்களுள் இந்த நோயாளி இளைஞரும் ஒருவர். 1706 சூலை 9-ஆம் நாள் அவர் புளூட்சோவுடன் தரங்கம்பாடியை அடைந்தார்.

அங்கே அவர் மீண்டும் முதலாண்டு மாணாக்கரானார். தமிழ்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரை அவருடைய மாணாக்கருடன் வரவழைத்து, சிறுவர்களோடு தாமும் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகினார். கற்றவர் என்னும் கொம்பை ஒருவரும் களையாமல், தாமே களைந்துகொண்டார் எனலாம். பத்தாண்டுகளுக்குப் பின், 1716-இல், இந்நாட்டு ஊழியரைப் பயிற்றுவிக்கும் பள்ளியொன்று தரங்கம்பாடியில் தொடங்கப்பட்டது. பின்னாளில் தஞ்சையில் புகழ்பெற்ற சுவார்ட்ஸ் ஐயரும் 1746-இல் ஹாலேக்கு வந்து, அனாதை இல்லப் பள்ளியில் கற்பித்துக்கொண்டே பயின்றவர். ஊர் திரும்பியிருந்த பெஞ்சமின் சூல்ட்சேயிடம் அவர் தமிழின் முதற்பாடத்தைக் கற்றதும் அங்கேதான்.

5. ஹாலேயின் நிழல்

இவ்வரலாற்றைப் புகழ்மாலையாக மட்டும் தொடுப்பது நேர்மையாகாது. உடன் உண்பவரை நெருங்கி அறியலாம் என்னும் நல்லெண்ணமே நாளடைவில் கண்காணிப்பாக மாறிற்று. மாணாக்கனின் மனந்திரும்புதலைப்பற்றி ஆசிரியர்கள் சான்று எழுதலாயினர். 1729-இல் பிரஷ்ய மன்னர் முதலாம் பிரெடெரிக் வில்லியம், தம் நாட்டில் ஆயராக விரும்புவோர் ஈராண்டுகள் ஹாலேயில் பயின்று அங்குள்ள இறையியல் ஆசிரியர்களிடம் நற்சான்று பெற்றுவர வேண்டுமென ஆணையிட்டார். அன்றுமுதல் கண்ணீருக்கும் விலை ஏற்பட்டது. உள்ளத்தில் நிகழாததை முகத்தில் காட்டக் கற்றவன் முன்னேறினான். உண்மையாய்ப் போராடியவனோ குற்றவுணர்வில் மூழ்கினான். 1743-இல் ஹாலேக்கு மாணாக்கனாய் வந்து, பின்னர் அங்கேயே பேராசிரியரான யோகான் சலோமோ செம்லர் (1725–1791), இத்தகைய வற்புறுத்தல் தம் இளமையை எவ்வாறு அலைக்கழித்தது என்பதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். திருமறை ஆராய்ச்சியில் அவர் பின்னர் மேற்கொண்ட துணிவான போக்கிற்கு இவ்விளமை அனுபவமும் ஒரு தூண்டுதலாக இருந்திருக்கலாம்.

உணவை அருளாகக் கொடுத்துவிட்டு, அதற்கு விலையாக ஆன்மாவின் கணக்கைக் கேட்பது கிருபையின் நற்செய்திக்கே முரணானது. கொம்பை உடைத்தவர்கள் உடலைப் புண்படுத்தினர். சான்று கேட்டவர்களோ மனச்சாட்சியைப் புண்படுத்தினர்.

6. நமக்குரிய படிப்பினை

நம் நாட்டிலும் புதிய மாணாக்கரை வதைக்கும் வழக்கம் உயிர்களைப் பறித்த பின்னரே தமிழ்நாடு அரசு 1997-இல் அதைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றிற்று. 2009-இல் பல்கலைக்கழக மானியக்குழுவும் விதிகளை வகுத்தது. இவை இன்றியமையாதவை. ஆயினும் 1660-களின் உடன்பாட்டைப்போல் இவை வீட்டைப் பெருக்குமேயன்றி, வீட்டில் விளக்கேற்றா. விளக்கேற்றுவது நம் கடமை.

சிற்றூர்ச் சபையிலிருந்து இறையியல் கல்லூரிக்கு வரும் மாணவனும் மாணவியும் முதல் திங்களில் தேடுவது கிரேக்க இலக்கணத்தையன்று. உணவு வேளையில் தமக்கென ஓர் இடத்தையும், தம்மைப் பெயர் சொல்லி அழைக்கும் ஒருவரையுமே தேடுகின்றனர். மூத்த மாணாக்கர் அவர்களுக்கு ஊழியம் செய்வதை விருப்பத்திற்கு விடாமல், பயிற்சியின் ஒரு பகுதியாகவே கல்லூரிகள் வகுத்தல் வேண்டும். வாரத்தில் ஒரு மணி நேரமாவது, தேர்வும் மதிப்பெண்ணும் இல்லாமல், எவ்வாறு கற்பது என்பதைப்பற்றி ஆசிரியர்கள் அவர்களுடன் உரையாடல் வேண்டும். அவர்களை அனுப்பிவைத்த ஆயர்கள், பரிந்துரைக் கடிதத்துடன் தம் பொறுப்பு முடிந்ததென எண்ணாமல், லாங்கேயைப்போல் அவர்களைத் தொடர்ந்து அறிந்திருத்தல் வேண்டும். படிப்பை விட்டு ஊர் திரும்பியோரைச் சிறப்பாக அறிந்திருத்தல் வேண்டும். இவற்றிற்கெல்லாம் விலையாக எவருடைய பக்தியையும் அளந்து பார்த்தல் ஆகாது.

சீடரின் கால்களைக் கழுவிய ஆண்டவர், முதலில் தம்மை மறுதலிக்க மாட்டோம் என்று உறுதிகூறச் செய்து பின்பு கழுவவில்லை. மறுதலிக்கப்போகிறவனின் கால்களையும், காட்டிக்கொடுக்கப்போகிறவனின் கால்களையும் அவர் கழுவினார். நம் கல்லூரிகளின் உணவு மேசை அந்த மேலறையின் சாயலைப் பெறுமாயின், இங்கிருந்து புறப்படும் ஆயர்களின் திருச்சபைகளும் அச்சாயலைப் பெறும் என்பதில் ஐயமில்லை.