கூழ்ம அறிஞர் பட்நாகர்

புக்கிட் ரோத்தான், கோலசிலாங்கூர் வட்டாரத்தில் பால்மரங்கள் நின்ற நிலத்தைச் செம்பனை பெரும்பாலும் கவர்ந்துகொண்டது. ஆயினும் வெட்டிக் கொணர்ந்த பாலில் அமிலம் கலந்ததும் அது கட்டியாக உறைவதைக் கண்ட முதியோர் இங்கு இன்னும் உளர். அப்பாலில் கண்ணுக்குப் புலனாகாத ரப்பர்த் துகள்கள் மிதக்கின்றன. எதிர்மின்னூட்டம் உடைமையால் அவை ஒன்றையொன்று விலக்கி, நீரில் பிரிந்தே நிற்கின்றன. அமிலம் அம்மின்னூட்டத்தைப் போக்க, துகள்கள் ஒன்றுகூடி உறைகின்றன. அம்மோனியா சேர்ப்பினோ பால் பாலாகவே நிலைக்கின்றது. இத்தகைய கலவையை அறிவியலார் கூழ்மம் என்பர். இன்று நானோ துகள் எனப் பெரிதாகப் பேசப்படுவதன் வேர்களுள் ஒன்று இக்கூழ்ம இயலே. அதில் உழைத்துப் பெயர் பெற்றவர் சாந்தி சுவரூப் பட்நாகர்.

பஞ்சாபின் பேரா என்னும் ஊரில் 1894 பிப்ரவரி 21இல் பிறந்த இவர், எட்டுத் திங்கள் குழவியாய் இருக்கையிலேயே தந்தையை இழந்தார். தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் வளர்ந்தார். உதவித்தொகை பெற்று அமெரிக்கா செல்லப் புறப்பட்டவருக்கு இலண்டனில் கப்பலில் இடம் கிடைக்கவில்லை. முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பும் அமெரிக்கப் படையினருக்கே இடமெல்லாம் ஒதுக்கப்பட்டிருந்தது. அத்தடையே நன்மையாயிற்று. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியர் டானனிடம் பயின்று, எண்ணெயின் பரப்பு இழுவிசையைக் கொழுப்பமில உப்புகள் எவ்வாறு மாற்றுகின்றன என்பதை ஆராய்ந்து, 1921இல் முனைவரானார். எண்ணெயையும் நீரையும் இணங்கவைக்கும் சவர்க்காரத்தின் இயல்பும் இவ்வாய்வோடு தொடர்புடையதே. காசியில் சில ஆண்டுகள் கற்பித்தபின், 1924இல் லாகூர் சென்றார்.

லாகூரில் இருந்த காலத்தில் இராவல்பிண்டி எண்ணெய் நிறுவனம் ஒன்று ஓர் இடர்ப்பாட்டுடன் அவரை நாடியது. எண்ணெய்க் கிணறு துளையிடப் பயன்படும் சேறு, நிலத்தடி உப்பு நீர் பட்டதும் இறுகி, வேலையையே நிறுத்திவிட்டது. இயந்திர வல்லுநர் கையைப் பிசைந்து நிற்க, பட்நாகர் அதனைக் கூழ்மச் சிக்கலாகக் கண்டார். பால் கொட்டகையில் அமிலம் செய்வதையே அங்கு உப்பு செய்தது. இந்திய மரப்பிசின் ஒன்றைச் சேற்றில் கலக்கச் செய்தார். அது களிமண் துகள்களைக் காத்து நிற்க, சேறு இறுகாமல் ஓடிற்று. தீர்வு இவ்வளவு எளிதாய் இருந்தமைதான் வியப்பு.

மகிழ்ந்த நிறுவனம் ஆராய்ச்சிக்கென ஒன்றரை இலட்சம் ரூபாய் தர முன்வந்தது. அந்நாளில் பள்ளி ஆசிரியர் ஒருவர் கனவிலும் காணாத தொகை அது. பட்நாகர் அதனைத் தமக்கெனக் கொள்ளாது பல்கலைக்கழகத்தின் வழியே பெற்று, பெட்ரோலிய ஆய்வுத்துறை அமைத்தார். இளமையில் வறுமை கண்டவர் செய்த செயல் இது என்பதை மறத்தலாகாது.

1942இல் அமைந்த அறிவியல், தொழில் ஆய்வு மன்றத்திற்கு அவரே தலைமை ஏற்றார். சவர்க்கார மூலக்கூறுகள் நீரில் திரள்களாகக் கூடும் என்று முதலில் உரைத்த மக்பெயின், புனே தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வு நிலையத்திற்கு 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் அது திறக்கப்பட்டது. அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். மலாயாவில் ரப்பர்த் தோட்டத் தொழிலும் நடத்தியவர் அவர்.